ஆப் ஐகான்ல புள்ளி வெட்டுப்படுது, நோட்டிபிகேஷன்ல வெறும் வெள்ளைக் கட்டம். யாராச்சும் உதவுங்க

மாவுக்கடை தம்பி

வணக்கங்க. எங்க அக்கா ஈரோட்டுல வீட்டுலயே இட்லி மாவு ஆட்டி வீடு வீடா குடுக்கறாங்க, இப்ப நூத்தி இருபது வீடு கிட்ட ஆயிப்போச்சு, வாட்ஸப்ல ஆர்டர் எடுத்து எடுத்து யாருக்கு ஒரு கிலோ யாருக்கு ரெண்டு கிலோன்னு குழம்பிப்போறாங்கன்னு நானே ஃப்ளட்டர்ங்கற ஆப் செய்யற டூல்ல ஒரு ஆப் செஞ்சுட்டேன். ஆர்டர் போறது, பணம் கணக்கு எல்லாம் ஓடுது. ஐகான்லதான் மூணு நாளா மாட்டிட்டு நிக்கறேன்.

லோகோ 1024க்கு 1024 பிஎன்ஜி. நீல பேக்கிரவுண்டு, நடுவுல மாவு நிறைஞ்ச குண்டான், மேல கடை பேரு தமிழ்ல நாலு எழுத்து, கடைசி எழுத்து "ல்".

முதல்ல ஐகான் படம் வைக்கற மிப்மேப் ஃபோல்டர் அஞ்சுலயும் 48, 72, 96, 144, 192 சைஸ்ல கையாலயே மாத்தி வெச்சேன். போன்ல பாத்தா ஒரு வெள்ளை வட்டத்துக்குள்ள லோகோ சின்னதா, பட்டன் மாதிரி உக்காந்திருக்கு. சரின்னு ஐகானைத் தானா செஞ்சு குடுக்கற ஃப்ளட்டர் லாஞ்சர் ஐகான்ஸ் பேக்கேஜ் போட்டு, அடாப்டிவ் ஃபோர்கிரவுண்டுக்கும் (ஐகானோட முன்பக்க லேயர்) அதே படத்தையே குடுத்தேன். இப்ப பெருசா வருது, ஆனா நாலு மூலையும் வெட்டுப்பட்டு "ல்" மேல இருக்கற புள்ளி காணாம போயி "ல"ன்னு நிக்குது. ஃப்ரெண்டு போன்ல பாதி புள்ளி தெரியுது. என் போன்ல சுத்தமா இல்ல.

இதுபோக நோட்டிபிகேஷன் வந்தா மேல பார்ல ஒரு வெள்ளைக் கட்டம் மட்டும்தான் வருது. ஆடிப்பெருக்குக்கு முன்னாடி எல்லாரு போன்லயும் ஏத்திரணும்னு அக்கா சொல்லிட்டு இருக்காங்க. என்ன தப்பு பண்றேன்னு சொல்லுங்க.

ராத்திரி பில்டு

தம்பி, நீங்க பாக்கற மூணும் மூணு தனித்தனி விஷயம், ஒண்ணா போட்டுக் குழப்பிக்காதீங்க. ஐகானை மொதல்ல முடிப்போம்.

ஆண்ட்ராய்டு 8, அதாவது 2017ல வந்த வெர்ஷன்ல இருந்து (அதோட உள் நம்பர் ஏபிஐ 26) ஐகான்ங்கறது ஒரே படம் இல்ல, ரெண்டு லேயர், இதைத்தான் அடாப்டிவ் ஐகான்ங்கறது. பின்னாடி ஒண்ணு முன்னாடி ஒண்ணு, ரெண்டுமே 108க்கு 108 டிபி (எந்த ஸ்க்ரீன்லயும் கிட்டத்தட்ட ஒரே சைஸா தெரியறதுக்கான ஆண்ட்ராய்டு அளவு). அதுல வெளிய தெரியறது நடுவுல 72 டிபி மட்டும்தான், நாலு பக்கமும் 18 டிபி வெட்டறதுக்கும் லேசா அசையற எஃபெக்டுக்கும்னு விட்டு வெச்சிருக்காங்க. எந்த ஷேப்புல வெட்டறதுங்கறதை போன்தான் முடிவு பண்ணும், கூகுள் பிக்சல் போன்ல வட்டம், சாம்சங்ல ஓரம் மழுங்குன சதுரம், அதான் ஃப்ரெண்டு போன்ல பாதி புள்ளி பொழைச்சிருக்கு. எந்த ஷேப்புலயும் வெட்டுப்படாத இடம்னு பாத்தா நடுவுல 66 டிபி விட்டம் இருக்கற ஒரு வட்டம். அதுக்குள்ள இருந்தா பத்திரம், வெளிய இருந்தா போனோட இஷ்டம்.

நீங்க மொதல்ல பாத்த வெள்ளை வட்டம் ஏன்னா, அடாப்டிவ் ஐகான் இல்லாத ஆப்போட பழைய படத்தை நிறைய லாஞ்சர், அதாவது ஹோம் ஸ்க்ரீனைக் காட்டற ஆப், சின்னதாக்கி வெள்ளை ஷேப்புக்குள்ள வெச்சிரும். நீங்க அஞ்சு படத்தை எத்தனை தடவ மாத்துனாலும் அது அப்படித்தான் வரும்.

பண்ண வேண்டியது: லோகோவை ரெண்டா பிரிங்க. நீலத்தை படமா குடுக்காதீங்க, பேக்கிரவுண்டுக்கு கலர் கோடு மட்டும் குடுத்தா போதும். குண்டானும் எழுத்தும் மட்டும் ட்ரான்ஸ்பரண்ட் பிஎன்ஜியா, 1024 கேன்வாஸ்ல நடுவுல சுமாரா 626 பிக்சல் விட்டம் உள்ள வட்டத்துக்குள்ள அடங்கற மாதிரி வைங்க. 66ஐ 108ஆல வகுத்து 1024ஆல பெருக்குனா வர்ற கணக்குதான் அது.

மாவுக்கடை தம்பி

ரொம்ப நன்றிங்ணா. இப்பத்தான் வெள்ளை வட்டம் எதுக்குன்னே புரியுது, நான் படத்துல ஏதோ ஓரம் இருக்குன்னு நெனச்சு கிராப் பண்ணிட்டே கெடந்தேன்.

நீங்க சொன்ன மாதிரியே 626க்குள்ள வெச்சு பேக்கேஜை மறுபடி ஓட்டுனேன். புள்ளி வந்துருச்சு, ஆனா குண்டான் இப்ப ரொம்ப சின்னதா போச்சு, சுத்தி நீலம் நிறைய கெடக்கு. மத்த ஆப் ஐகானுக்குப் பக்கத்துல வெச்சா பாதி சைஸ் மாதிரி தெரியுது. கணக்கு தப்பா போட்டுட்டனா? ரெண்டு தடவ அளந்து பாத்துட்டேன், 626தான் இருக்கு.

ராத்திரி பில்டு

கணக்கு சரிதான், நான்தான் ஒண்ணை சொல்லாம விட்டுட்டேன், மன்னிச்சுக்கோங்க. நீங்க அந்த பேக்கேஜோட புது வெர்ஷன் யூஸ் பண்றீங்கன்னு நினைக்கறேன். ஆண்ட்ராய்டு ஃபோல்டருக்குள்ள ரெஸ், அதுக்குள்ள மிப்மேப் எனிடிபிஐ வி26ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுல இருக்கற ஐசி லாஞ்சர் எக்ஸ்எம்எல் ஃபைலைத் திறந்து பாருங்க. ஃபோர்கிரவுண்டுக்குள்ள இன்செட் 16%னு இருக்கா?

மாவுக்கடை தம்பி

ஆமாங்ணா இருக்கு! இதை நான் எழுதவே இல்லியே.

ராத்திரி பில்டு

பேக்கேஜே எழுதறது, அதோட டீஃபால்ட்டு 16. காரணம் இருக்கு, நிறைய பேரு உங்களை மாதிரி முழு லோகோவையே ஃபோர்கிரவுண்டுக்கு குடுப்பாங்க, அது அப்படியே 108க்கு விரிஞ்சா வெளிய மூணுல ஒரு பங்கு காணாம போயிரும். அதனால நாலு பக்கமும் 16% உள்ள தள்ளி, படத்தை கிட்டத்தட்ட அந்த 72 டிபிக்குள்ள உக்கார வைக்குது. அதான் நீங்க பேக்கேஜ் போட்ட முதல் தடவ மூலை மட்டும் போச்சு.

இப்ப நீங்க இடம் விட்டு வரைஞ்சுட்டீங்க, பேக்கேஜும் மேல இடம் விடுது, ரெண்டு தடவ சுருங்குது. 66ல நிக்க வேண்டியது 45 டிபி கிட்ட வந்து நிக்குது. ப்ராஜெக்ட் செட்டிங் இருக்கற பப்ஸ்பெக் ஃபைல்ல அடாப்டிவ் ஐகான் ஃபோர்கிரவுண்ட் இன்செட்னு ஒரு வரி சேத்து 0 குடுங்க, வார்த்தைக்கு நடுவுல எல்லாம் அண்டர்ஸ்கோர். அப்பறம் பேக்கேஜை ஓட்டி, பழைய பில்டை அழிக்கற ஃப்ளட்டர் க்ளீன் போட்டு, போன்ல பழைய ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணிட்டு புதுசா ஏத்துங்க. லாஞ்சர் பழைய ஐகானை கேஷ்ல (தற்காலிக சேமிப்புல) வெச்சிருக்கும், மேலயே ஏத்துனா மாறலன்னு நெனச்சு இன்னொரு ராத்திரி போயிரும். அன்இன்ஸ்டால் பண்ணியும் பழசே வந்தா போனை ஒருக்கா ரீஸ்டார்ட் பண்ணுங்க.

லோகோ வரையறவ

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், நான் டிசைன் பக்கம். கோடு சரியாயிரும், ஆனா படத்தைப் பத்தி ஒண்ணு சொல்லணும்.

தம்பி, அந்த நாலு எழுத்தை ஐகான்ல இருந்து எடுத்துருங்க. 66 டிபி வட்டத்துக்குள்ள குண்டானும் வெச்சு மேல நாலு எழுத்தும் வெச்சா எழுத்துக்கு கெடைக்கற உயரம் ரொம்ப ரொம்ப கம்மி. இங்கிலீஷ் பெரிய எழுத்துன்னா எல்லாம் ஒரே உயரம், பெரும்பாலும் நேர்க்கோடு, சின்னதானாலும் ஓரளவு தாங்கும். நம்ம எழுத்துல மேல புள்ளி, கொம்பு, சுழி, கீழ இறங்கற வால்னு மேலயும் கீழயும் இடம் வேணும், அதை சுருக்குனா மொதல்ல அழியறது புள்ளிதான், அப்பறம் சுழியெல்லாம் அடைஞ்சு ஒரே கறுப்பாயிரும். ஷேப்பு வெட்டாட்டியும் கண்ணுக்குத் தெரியாது. ஹோம் ஸ்க்ரீன்ல ஐகானுக்குக் கீழ ஆப் பேரு எப்படியும் வருது, அப்பறம் எதுக்கு உள்ளயும்?

குண்டானை மட்டும் பெருசாக்குங்க. கோட்டை தடிமனா வைங்க. உள்ள மாவு பொங்கி வழியற மாதிரி வெள்ளையா ஒரு வளைவு, அது போதும், ஆயிரம் ஐகானுக்கு நடுவுல வெச்சாலும் மாவுன்னு தெரியும். போன்ல போட்டுட்டு கைய நீட்டிப் பிடிச்சு பாருங்க, அந்த தூரத்துல தெரியறதுதான் ஐகான்.

பேரு முழுசா வர்றதுக்கு ப்ளே ஸ்டோர்ல வேற இடம் இருக்கு, ஃபீச்சர் கிராஃபிக்னு 1024க்கு 500 படம் கேப்பாங்க, அங்க நல்லா பெருசா எழுதுங்க.

மாவுக்கடை தம்பி

அக்கா நீங்க சொல்றது புரியுது, ஆனா எங்க அக்கா ஒத்துக்கணுமே. பேரு எங்க அம்மாயி பேரு, அதான் லோகோவுல போட்டே ஆகணும்னு நிக்கறாங்க. ரெண்டையும் செஞ்சு ரெண்டு போன்ல போட்டு காட்டிப் பாக்கறேன்.

இன்செட் 0 குடுத்ததும் சைஸ் கரெக்டா வந்துருச்சு ராத்திரி பில்டு அண்ணா, ரொம்ப ரொம்ப நன்றி. அந்த ஒரு வரிக்கு மூணு நாள்! இப்ப அந்த வெள்ளைக் கட்டம்?

ராத்திரி பில்டு

நோட்டிபிகேஷன் ஐகான் வேற படம். ஆண்ட்ராய்டு 5ல இருந்து அங்க கலர் எடுக்காது, படத்துல எது ட்ரான்ஸ்பரண்ட் எது இல்லன்னு மட்டும் பாக்கும், இல்லாத இடத்தையெல்லாம் ஒரே கலர்ல நிரப்பிரும். உங்க லோகோ ஓரத்துல இருந்து ஓரம் வரைக்கும் நீலம், ட்ரான்ஸ்பரண்டே இல்ல, அதனால முழுக் கட்டமும் வெள்ளை. நோட்டிபிகேஷன் அனுப்பற கூகுளோட ஃபயர்பேஸ் மெசேஜிங்ல தனியா ஐகான் சொல்லலன்னா லாஞ்சர் ஐகானையே எடுத்துக்கும், அங்கதான் இது நடக்குது.

குண்டானோட வெளிக்கோடு மட்டும் வெள்ளையில, மத்தது காலியா, 24 டிபியில ஒண்ணு செய்யுங்க. பிக்சல்ல 24, 36, 48, 72, 96. படம் வைக்கற ட்ராயபிள் ஃபோல்டர்கள்ல போட்டுட்டு, ஆப்போட விவரம் இருக்கற மேனிஃபெஸ்ட் ஃபைல்ல ஃபயர்பேஸோட டீஃபால்ட் நோட்டிபிகேஷன் ஐகான் மெட்டாடேட்டாவுல அந்தப் பேரைக் குடுங்க. நீலம் வேணும்னா டீஃபால்ட் நோட்டிபிகேஷன் கலர்னு இன்னொரு மெட்டாடேட்டா இருக்கு, அது கீழ இழுத்து பாக்கறப்ப வரும்.

மாவுக்கடை தம்பி

போட்டேன், டீபக்ல (டெஸ்ட் பில்டுல) அழகா குண்டான் வந்துச்சு. சந்தோஷத்துல எல்லாருக்கும் குடுக்கற ரிலீஸ் பில்டு எடுத்து அக்கா போன்ல ஏத்துனா, ஆப் திறந்திருக்கறப்ப வர்ற நோட்டிபிகேஷன் மட்டும் வரவே மாட்டேங்குது, எரர் அடிக்குது, ஐகான் ரிசோர்ஸ் இல்லைங்குது. ஃபைல் அங்கயேதான் இருக்கு. அதுக்கு லோக்கல் நோட்டிபிகேஷன் பேக்கேஜ்தான் யூஸ் பண்றேன்.

ராத்திரி பில்டு

நினைச்சேன். அந்த பேக்கேஜுக்கு ஐகான் பேரை டார்ட் (ஃப்ளட்டரோட மொழி) கோட்ல வெறும் எழுத்தாத்தானே குடுக்கறீங்க? ரிலீஸ்ல யூஸ் ஆகாத ரிசோர்ஸை எல்லாம் தூக்கற வேலை நடக்கும், அது டார்ட் கோட்டுக்குள்ள எட்டிப் பாக்காது, இந்தப் படத்தை யாரும் கேக்கலன்னு நெனச்சு தூக்கிரும். ரெஸ் ஃபோல்டருக்குள்ள ரா ன்னு ஒரு ஃபோல்டர் போட்டு கீப் எக்ஸ்எம்எல்னு ஒரு ஃபைல் வைங்க, அதுல டூல்ஸ் கீப்ல உங்க ஐகான் பேரைச் சொல்லிட்டா தொடாது. ட்ராயபிள் ஸ்லாஷ் போட்டு முழுசா எழுதுங்க.

இன்னொண்ணு, வேலையோட வேலையா மோனோக்ரோம் (ஒரே கலர்) லேயரையும் குடுத்துருங்க. ஆண்ட்ராய்டு 13ல இருந்து தீம்டு ஐகான்னு வால்பேப்பர் கலருக்கு ஐகான் மாறும், அதுக்கும் கலர் இல்லாத குண்டான்தான் வேணும். ஆனா நோட்டிபிகேஷனுக்கு செஞ்ச 24 சைஸ் ஃபைலை அப்படியே போடாதீங்க, அதே வரைபடத்தை 1024 கேன்வாஸ்ல அந்த 626க்குள்ள வெச்சு குடுங்க.

ஆப்பிள் பக்கம்

பின்னாடி ஐபோனுக்கும் போவீங்கன்னா ஒரு வார்த்தை. அங்க 1024க்கு 1024 முழுச் சதுரமா, மூலை மழுக்காம குடுக்கணும், மழுக்கறது அவங்க வேலை. அங்க ட்ரான்ஸ்பரண்ட் விவரத்தை வெச்சிருக்கற ஆல்ஃபா சேனலே இருக்கக் கூடாது, இருந்தா அப்லோடு பண்றப்பவே திருப்பி அனுப்பிருவாங்க. கண்ணுக்கு ட்ரான்ஸ்பரண்ட் எதுவும் தெரியாட்டியும் ஃபைல்ல அந்த சேனல் ஒட்டிட்டு இருக்கும், நான் அதுல ஒரு முழு நாள் விட்டேன். இதே பேக்கேஜ்ல ரிமூவ் ஆல்ஃபா ஐஓஎஸ்னு ஒரு செட்டிங் இருக்கு, ட்ரூன்னு குடுத்துருங்க.

மாவுக்கடை தம்பி

கீப் ஃபைல் வெச்சதும் ரிலீஸ்லயும் வந்துருச்சுங்ணா!! ஐபோன் இப்போதைக்கு இல்லைங்க, ஆனா எழுதி வெச்சுக்கிட்டேன்.

கடைசியா ஒரு சந்தேகம். ப்ளே கன்சோல்ல ஆப் பண்டில் (ஆப்போட ஃபைல்) புதுசா ஏத்துனேன், ஆனா ஸ்டோர் லிஸ்டிங்ல இன்னும் பழைய லோகோவேதான் இருக்கு. அப்ரூவ் ஆக நேரமாகுமா?

ராத்திரி பில்டு

எவ்ளோ நேரம் காத்திருந்தாலும் மாறாது. ஸ்டோர்ல தெரியறது ஆப்புக்குள்ள இருக்கறது இல்ல, லிஸ்டிங் பக்கத்துல தனியா அப்லோடு பண்றது. 512க்கு 512 பிஎன்ஜி, 1024 கேபிக்குள்ள, முழுச் சதுரம். மூலையை அவங்களே வளைச்சுக்குவாங்க, நிழலும் அவங்களே போடுவாங்க, நீங்க ரெண்டும் போடாதீங்க.

லோகோ வரையறவ

அக்கா என்ன சொன்னாங்க தம்பி?

மாவுக்கடை தம்பி

ரெண்டு போனையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு காட்டினேங்க்கா. பேரு போட்டது ஒண்ணு, வெறும் குண்டான் ஒண்ணு. கொஞ்ச நேரம் பாத்துட்டு இருந்தாங்க, பேரு போட்டதுல கண்ணாடி போடாம படிக்க முடியலன்னு அவங்களே சொல்லிட்டாங்க. குண்டான் போன்ல ஐகானுக்குக் கீழ அம்மாயி பேரு தமிழ்லயே வந்திருந்துச்சு, மேனிஃபெஸ்ட்ல லேபிளை நான் இங்கிலீஷ்ல வெச்சிருந்தேன், நீங்க சொன்னப்பறம்தான் தமிழ்ல மாத்துனேன். போனோட எழுத்துதான், ஆனா புள்ளி பளிச்சுன்னு இருக்கு. இதையே எல்லாருக்கும் போட்டுருன்னுட்டாங்க. இப்ப 512 படம் செஞ்சுட்டு இருக்கேன், ராத்திரிக்குள்ள ஏத்திருவேன்.