பிரைவேட் கீயை உலாவியில் பூட்டி வைத்தபோது நடந்தவை

(மூன்று நிரலாளர்கள் ஆளுக்கொரு அனுபவம் சொல்கிறார்கள்.)

கோப்புகளை உலாவியிலேயே குறியாக்கி அனுப்பும் சிறிய செயலி ஒன்றை எழுதியிருந்தேன். பயனரின் பிரைவேட் கீயை, அதாவது அவருக்கு வரும் கோப்புகளைத் திறக்கும் ரகசியச் சாவியை, கடவுச்சொல் கொண்டு ஏஇஎஸ்-ஜிசிஎம் என்னும் முறையில் குறியாக்கி, உலாவியின் சேமிப்பிடமான லோக்கல் ஸ்டோரேஜில் வைத்தேன். பக்கத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம் கடவுச்சொல் கேட்கிறதே என்று சோதித்தவர்கள் முணுமுணுத்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கடவுச்சொல்லையும் அங்கேயே, இரண்டு வரி தள்ளிச் சேமித்துவிட்டேன். யாரும் எளிதில் திருப்பிவிடக்கூடிய பேஸ்64 எழுத்து வடிவுக்கு மாற்றியிருந்தது அப்போது எனக்குப் பெரிய காவலாகத் தோன்றியது!

உடன் வேலை செய்பவர் என் இருக்கைக்கு வந்து, உலாவியில் நிரல் தட்டிப் பார்க்கும் கன்சோலைத் திறந்து, ஒரே வரி தட்டினார். இரண்டும் அடுத்தடுத்து வந்து விழுந்தன. “இந்தப் பக்கத்தில் ஓடும் எந்த ஸ்கிரிப்டும் இதைப் படிக்கலாம். எத்தனை என்பிஎம் பேக்கேஜ்களைச் சேர்த்திருக்கிறாய்?” என்று மட்டும் கேட்டார். மற்றவர்கள் எழுதி என்பிஎம் தளத்தில் பகிரும் அந்த ஆயத்த நிரல்களை எண்ணிப் பார்க்கத் துணியவில்லை. 2018இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் பேக்கேஜ் வழியாகப் புகுந்த தீய நிரல் கோபே பிட்காயின் வாலட்டின் சாவிகளைக் குறிவைத்த கதையை அவர் சொல்லித்தான் அறிந்தேன்.

இப்போது கடவுச்சொல்லை எங்கும் வைப்பதில்லை. அதிலிருந்து கடவுச்சொல்லை ஊகிப்பதை மெதுவாக்கும் பிபிகேடிஎஃப்2 முறை மூலம், ஷா-256 என்னும் ஹாஷ் கணக்கீட்டுக்கு இணையப் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப் பரிந்துரைத்த 6,00,000 சுற்றுகளில், ஒரு சாவியை வருவிக்கிறேன். உலாவியின் குறியாக்க வசதியான வெப் கிரிப்டோவின் அன்ராப்கீ கட்டளை கொண்டு, வெளியே எடுக்க முடியாத சாவியாகப் பிரைவேட் கீயைத் திறந்து, அந்தப் பொருளையே உலாவிக்குள் இருக்கும் தரவுத்தளமான இண்டெக்ஸ்டு டிபியில் வைக்கிறேன். தீய ஸ்கிரிப்ட் புகுந்தால் அந்தப் பக்கத்தில் இருந்தபடி சாவியைப் பயன்படுத்தலாம். தூக்கிக்கொண்டு ஓட முடியாது. பாதி நிம்மதிதான்.

* * *

அந்த இண்டெக்ஸ்டு டிபியை நம்பி நான் பட்ட பாடு தனி. ஒருவர் சஃபாரியை 7 நாள் பயன்படுத்தியும் நம் தளத்தின் பக்கம் வராவிட்டால், ஸ்கிரிப்ட் சேமித்ததையெல்லாம் அது அழித்துவிடும். 2020 முதல் இதுதான் நிலை. அப்போது எனக்கு அது தெரியாது. சில வாரம் கழித்துத் திரும்பி வந்த பயனர் ஒருவரால் தம் பழைய குறிப்புகளைத் திறக்கவே முடியவில்லை. சாவியின் நகல் எங்கேயும் இல்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இப்போது குறியாக்கிய நகலைக் கோப்பாக இறக்கிக்கொண்ட பிறகே கணக்கைத் தொடர விடுகிறேன்.

* * *

என்னுடையது அற்பமான விஷயம், ஆனால் அரை நாளைத் தின்றது. கணினியில் லோக்கல்ஹோஸ்டில், அதாவது அதே கணினியைக் குறிக்கும் முகவரியில், எல்லாம் ஓடியது. அதையே கைபேசியில், 192.168 என்று தொடங்கும் உள்வலை முகவரியில் திறந்தால், கிரிப்டோவுக்குள் குறியாக்க வேலைகளைச் செய்யும் சப்டில் என்பதே இல்லை. நிரலை நான்கு முறை திருத்தி எழுதிய பிறகே உறைத்தது: ஹெச்டிடிபிஎஸ் என்னும் பாதுகாப்பான இணைப்பு இல்லாத பக்கத்துக்கு உலாவி அதைத் தராது, லோக்கல்ஹோஸ்டுக்கு விலக்கு உண்டு. சோதனைச் சான்றிதழ் ஒன்றைப் போட்டதும் ஓடியது.

மேலே சொன்ன 6,00,000 சுற்றுகளுக்கு மலிவான கைபேசி சற்று நேரம் எடுத்துக்கொள்ளும். அங்கே “திறக்கிறது…” என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். என் தந்தை அந்தப் பொத்தானை ஐந்து முறை அழுத்தினார்.