மே லீவுக்கு பனோரமா ரூட்: ஜொகானஸ்பர்க்ல இருந்து ஒரே நாள்ல முடியுமா?

பாளைவாசி:
மே லீவுல பெரியவங்க நாலு பேர், பிள்ளைக ரெண்டு பேர் தென்னாப்பிரிக்கா போறோம். ஜொகானஸ்பர்க்ல வாடகைக் கார் எடுத்து, பனோரமா ரூட்ங்கிற மலைப்பாதையில உள்ள பிளைட் ரிவர் கேன்யன் பள்ளத்தாக்கை ஒரே நாள்ல பார்த்துட்டு திரும்பலாமா? அருவியில குளிக்க முடியுமா? குரூகர் வனவிலங்குப் பூங்காவும் போகணும்.

பொதிகைச்சாரல்:
ஒரே நாள் வேண்டாம் அண்ணாச்சி. கேன்யனுக்கு முன்னால உள்ள கிராஸ்காப் ஊருக்கே சுமார் 380 கி.மீ., நிக்காம ஓட்டினாலும் அஞ்சு மணி நேரம் ஆவும். மே மாசம் அங்க அஞ்சரைக்கெல்லாம் இருட்டிரும். ராத்திரி அந்த ரோட்டுல குண்டுகுழியும் தெரியாது, குறுக்க வர்ற மாடும் தெரியாது. கிராஸ்காப்ல ரெண்டு ராத்திரி தங்குங்க.

என்4 ரோட்டுல பெல்ஃபாஸ்ட் வரை போய், இடப்பக்கம் ஆர்540ல திரும்பினா டல்ஸ்ட்ரூம், லைடன்பர்க், லாங் டாம் பாஸ் (மலைக் கணவாய்), சேபி, அப்புறம் கிராஸ்காப். லாங் டாம் உச்சி 2,150 மீட்டர். மேகம் இறங்கிட்டா முன்னால போற வண்டி தெரியாது, அதனால வெள்ளென கிளம்பி பகல்லயே தாண்டிருங்க.

மறுநாள் தெற்கே இருந்து வடக்கே போங்க. முதல்ல ஆர்534ல பினக்கிள், காட்ஸ் விண்டோ வியூ பாயிண்ட்கள்; பிறகு ஆர்532ல லிஸ்பன், பெர்லின் அருவிகள்; உச்சிவேளைக்கு போர்க்ஸ் லக்; கடைசியா வட்டக் குடிசை மாதிரி மூணு பாறை நிக்கிற த்ரீ ராண்டவல்ஸ். அந்தப் பாறைகள் மேல வெயில் நேரா விழுறது மதியத்துக்கு மேலதான். காலையில போனா சூரியன் எதிர்ல நிக்கும், போட்டோவுல வெறும் நிழல்தான் விழும். பெட்ரோல் கிராஸ்காப்லயே நிரப்பிக்கிடுங்க. ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனி டிக்கெட், கையில கொஞ்சம் ராண்ட் (அந்த ஊர்ப் பணம்) இருக்கட்டும்.

ஐந்தருவி:
குத்தாலத்தை நெனச்சுக்கிட்டு போவாதீங்க. அங்க மழை அக்டோபர்ல இருந்து மார்ச் வரை. நமக்கு சாரல் அடிக்கிற ஆனி, ஆடி அவங்களுக்கு மழையில்லாத வறண்ட காலம். மே மாசம் அருவியில தண்ணி குறைஞ்சிருக்கும், பதிலுக்கு மூட்டம் இல்லாம மலை பளிச்சுனு தெரியும். லிஸ்பன் அருவி 94 மீட்டர், மேல நின்னு பார்க்கத்தான் முடியும்; தலையைக் கொடுத்து நிக்க இடம் கிடையாது. குளிக்கணும்னா சேபிக்கும் கிராஸ்காப்புக்கும் நடுவுல மேக் மேக் பூல்ஸ் இருக்கு, ஆனா மே மாசத் தண்ணி ஐஸ் மாதிரி. பிளைட் அணையில காலே வைக்கக்கூடாது: நீர்யானை, முதலை ரெண்டும் உண்டு.

நேரம் கூட ஒதுக்க வேண்டியது போர்க்ஸ் லக்குக்குத்தான். ட்ரூர் ஆறு பிளைட் ஆத்துல சேருற இடம். சுழல்ல சிக்கின கல்லும் மணலும் காலங்காலமா சுத்திச் சுத்தி, பாறையில ஆட்டுரல் குழி மாதிரி உருண்டையா குடைஞ்சு வச்சிருக்கு. மேல நடைபாலம் இருக்கு. பாறை வழுக்கும், பிள்ளைகள் கையை விட்ராதீங்க.

வண்ணார்பேட்டை டிரைவர்:
கார் விஷயம். நம்ம ஊர் மாதிரி இடப்பக்கம்தான் ஓட்டணும். ஆர்.டி.ஓ.ல இன்டர்நேஷனல் பெர்மிட் வாங்கிட்டு, ஒரிஜினல் லைசென்ஸையும் கொண்டு போங்க. டெபாசிட்டுக்கு ஓட்டுறவர் பேர்லயே கிரெடிட் கார்டு கேப்பாங்க. சாதாரண இன்ஷூரன்ஸ்ல டயரும் கண்ணாடியும் பெரும்பாலும் வராது, தனியா சேர்த்துக்கிடுங்க. அந்த ரோட்டுல முதல்ல அடிவாங்குறது டயர்தான்.

பார்க்கிங்ல ரிமோட்டை அமுக்கிட்டு அப்படியே போயிராதீங்க, கைப்பிடியை இழுத்துப் பாருங்க. திருடன் பக்கத்துல நின்னு வேற ரிமோட்டை அமுக்கினா உங்க சிக்னல் கார்ல ஏறாது, கதவு பூட்டாமலே கிடக்கும்.

அங்க பழைய பிளக் பாயிண்ட் எல்லாம் நம்ம ஃப்ரிட்ஜுக்குப் போடுற 15 ஆம்பியர் தடி மூணு பின் சைஸ். சின்ன சார்ஜர் அதுல நிக்காது, அடாப்டர் வேணும்.

பாளைவாசி:
ரொம்ப நன்றி. குரூகருக்கு எந்தப் பக்கம்?

பொதிகைச்சாரல்:
ஹேசிவியூ வழியா ஃபாபெனி கேட். உள்ள தார் ரோட்டுல 50, மண் ரோட்டுல 40 கி.மீ. வேகம்தான், அதனால தூரத்தைக் கூட்டிப் போடாதீங்க. கேட் மூடுற நேரம் மாசத்துக்கு மாசம் மாறும். கிராஸ்காப் உயரத்துல இருக்கு, ஆனா குரூகர் தாழ்வான பகுதி, அதனால அங்க மே வரை மலேரியா சீசன். பெரியவங்களுக்கும் பிள்ளைகளுக்கும் மலேரியா மாத்திரை வேற வேற, முன்கூட்டியே டாக்டரைப் பாருங்க. அடிஸ் அபாபா, நைரோபி வழியா டிக்கெட் போட்டு அங்க 12 மணி நேரத்துக்கு மேல காத்திருக்க நேர்ந்தா மஞ்சள் காய்ச்சல் சர்டிஃபிகேட் கேப்பாங்க. ஊசி போட்டு 10 நாள் கழிச்சுத்தான் அது செல்லும்.