அதலைக்காய் கசக்குது, பிரண்டை தொண்டையை அரிக்குது: எங்க தப்பு?

கரிசக்குருவி:
கோவில்பட்டிப் பக்கம் மழை தொடங்கி ஒன்றரை மாசமாச்சு. மக்காச்சோளக் காட்டுக்குள்ள அதலைக்காய், அதான் பாகல் மாதிரி கசக்குற சின்னக் கொடிக்காய், நல்லா காய்ச்சிருக்கு. பறிச்சு ரெண்டு நாள் கழிச்சு எடுத்தா பாதிக்காய் வெடிச்சுக் கெடக்கு. மீதியைத் தண்ணி ஊத்தி வேகவச்சேன், கூழாகி ஒரே கசப்பு. பிரண்டைத் துவையலோ தொண்டையைப் பிடிக்குது. வரப்புல பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் பூ எடுக்க ஆரம்பிச்சிருக்கு, இனி பறிக்கலாமா? தெரிஞ்ச அண்ணாச்சிமார், அக்காமார் சொல்லுங்க.

மானாவாரி:
அதலைக்காய் பறிச்ச அன்னிக்கே சட்டிக்குப் போகணும் தங்கச்சி. வச்சிருந்தா முத்தி வெடிச்சிரும். மறுநாளைக்குத்தான் சமைக்க முடியும்னா கழுவாம, ஈரம் படாம, மூடுன டப்பாவுல ஃபிரிட்ஜுக்குள்ள வைங்க. பறிக்கும்போதே நகத்தால அழுத்திப் பாருங்க. நகம் சுளுவா இறங்குனா விதை இளசு. இறங்கலைன்னா அந்தக் காயைக் கொடியிலேயே விட்டுருங்க, விதை பல்லுல கடிபடும்.

தண்ணி ஊத்துனதுதான் தப்பு. காய் உடைஞ்சு கசப்பு சட்டி முழுக்க இறங்கிரும். கால் கிலோ காய்க்கு நல்லெண்ணெய் மூணு கரண்டி, சின்ன வெங்காயம் 150 கிராம் வேணும். காம்பையும் முனையையும் கிள்ளிட்டு முழுசாவே போடுங்க. கடுகு, உளுந்து தாளிச்சு, வெங்காயம் பாதி வதங்குனதும் காயைப் போட்டு, மூடாம, சின்னத் தீயில வதக்கணும். சும்மா சும்மா கிண்டக்கூடாது. பச்சை நிறம் மங்கி, தோல் லேசா சுருங்கி, அங்கங்க பழுப்புப் புள்ளி விழும். அப்ப உப்பு, மிளகாய்வத்தல் பொடி. கடைசியா வறுத்த நிலக்கடலைப் பொடி ரெண்டு கரண்டி தூவி இறக்குங்க. கசப்பு இருக்கும், ஆனா கூடவே ஒரு ருசியும் இருக்கும். அந்தக் கசப்பு சுத்தமாப் போகணும்னு நினைக்கிறவங்க இந்தக் காயை விட்டுட்டு வேற காய் வாங்கலாம்.

வாசல்பிரண்டை:
பிரண்டையில ஊசி ஊசியா கால்சியம் ஆக்ஸலேட் படிகம் இருக்கு. தொண்டையில குத்துறது அதுதான். முத்துன தண்டு, பத்தாத வதக்கல், குறைஞ்ச புளி, இந்த மூணுல ஒண்ணு உங்க துவையல்ல நடந்திருக்கும்.

நுனியில இருந்து மூணு, நாலு கணு மட்டும் ஒடிங்க. மழைக்குத் துளிர்த்தது ‘டக்’னு ஒடியும். நாரா இழுத்தா வேண்டாம். கையில நல்லெண்ணெய் தடவிட்டு, கணுவை வெட்டித் தள்ளி, நாலு ஓரத்து நாரையும் உரிச்சு எடுங்க. பொடிசா நறுக்கினது ஒரு கப்புன்னா எண்ணெய் ரெண்டு கரண்டி. பச்சை போய் பழுப்பு ஏறி, துண்டு பாதியாச் சுருங்குற வரைக்கும் வதக்கணும், பத்து நிமிஷத்துக்குக் குறையாது. நிறைய பேரு நிறம் மாறத் தொடங்கினதுமே இறக்கிருதாங்க. அதே சட்டியில உளுந்து ரெண்டு கரண்டி, மிளகாய்வத்தல் ஆறு, நெல்லிக்காய் அளவு புளி வறுத்து, தேங்காய் கால் கப்போட அரைங்க. புளியை மட்டும் குறைக்காதீங்க.

வரப்பு:
பண்ணைக்கீரை கொண்டை விட்டாச்சுன்னா தண்டு நாராகிரும். கொண்டை வராத கிளையா பார்த்து நுனி நாலு இலையைக் கிள்ளலாம். தொய்யக்கீரையும் அப்படித்தான், பூங்கதிர் நீண்டுட்டா இலையை மட்டும் உருவிக்கணும். ரெண்டையும் கலந்து, சிறுபருப்போட கடைஞ்சு, பூண்டு தட்டிப் போட்டா போதும்.

பருப்புக்கீரை எடுக்கும்போது ஒவ்வொரு தண்டையும் ஒடிச்சுப் பாருங்க. வெள்ளைப்பால் வந்தா அது பருப்புக்கீரை இல்லை, அதுகூடப் படர்ந்து கெடக்குற வேற செடி.

இதையெல்லாம் விட முக்கியமா ஒண்ணு. மக்காச்சோளத்துக்கு விதைச்ச கையோட அட்ராசின், வரப்புல கிளைபோசேட்னு களைக்கொல்லி அடிக்காங்க, படைப்புழுவுக்குத் தனியா மருந்து. களைக்கொல்லி பட்ட கீரை மஞ்சளாகச் சில நாளாகும், அதுவரைக்கும் பார்க்கப் பச்சைப்பசேல்னுதான் இருக்கும். அதலைக்காயும் அதே காட்டுலதான் காய்க்குது. காட்டுக்காரர்கிட்ட என்ன மருந்து, எப்ப அடிச்சதுன்னு கேக்காம ஒரு இலைகூட கிள்ளாதீங்க.

கரிசக்குருவி:
ரொம்ப நன்றி. காட்டுக்காரர்கிட்ட நாளைக்கே கேக்கேன். காட்டுல படர்ற சின்ன வெள்ளரி மாதிரி மிதுக்கங்காய் இருக்குல்ல, அந்த வத்தல் இப்பவே போடலாமா?

மானாவாரி:
இப்ப வேண்டாம், வெயில் பத்தாது, பூசணம் பிடிச்சிரும். தை, மாசி வரட்டும். காயை ரெண்டாக் கீறி, உப்புப் போட்ட புளிச்ச மோர்ல ராத்திரி ஊறவச்சு, பகல்ல காயவச்சு, சாயங்காலம் திரும்ப அதே மோர்ல போடுங்க. மோர் வத்துற வரைக்கும் இப்படி. அப்புறம் ஒடிச்சா சத்தம் வர்ற வரைக்கும் நாலஞ்சு நாள் காயணும்.

தும்மட்டிக்காயை மிதுக்குன்னு நினைச்சுப் பறிச்சிராதீங்க. மிதுக்கு இலை லேசாத்தான் மடல் விட்டிருக்கும், காய் முட்டையை விடச் சிறுசு. தும்மட்டி இலை ஆழமா வெட்டுப்பட்டு இருக்கும், காய் பந்து மாதிரி உருண்டை. அது கடுமையா வயித்தால போகவைக்கும், மோர்ல ஊறவச்சாலும் காயவச்சாலும் அந்த விஷம் போகாது. காய் உதிர்ந்து கிடந்தா எடுக்காதீங்க. கொடியில இலையைப் பார்த்துத்தான் பறிக்கணும்.