'மனமொத்துப் பிரிந்திருக்கிறோம்' என்று கையெழுத்து வைக்கலாமா?

மானிப்பாய்த் தையல்காரி:

வணக்கம். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னம் யாராவது பதில் சொன்னால் புண்ணியம். அன்றைக்குத்தான் என் கணவருடைய தமையனார் கடதாசியோடு வருகிறார்.

இவர் விட்டுப் போய் 1 வருடமும் 4 மாதமும். வவுனியாவில் அரசாங்க வேலை. முதலில் இரண்டு கிழமைக்கு ஒருக்கால் வந்தார், பிறகு மாதத்துக்கு ஒருக்கால். பிறகு தைப்பொங்கலுக்கும் வரவில்லை, சித்திரை வருடப் பிறப்புக்கும் வரவில்லை. பெரிய சண்டை ஒன்றும் நடக்கவில்லை. கேட்டதற்கு, "உன்னோடை இருக்க ஏலாது, நான் இஞ்சையே அறை எடுத்திட்டன்" என்றார், அவ்வளவுதான். காசும் அப்படியே குறைந்தது. கடைசியாக ஆவணியில் 5,000 ரூபாய் போட்டார்.

மகளுக்கு 9 வயது. நான் வீட்டிலிருந்து தைக்கிறேன். பள்ளிக்கூடம் தொடங்கும் நேரத்தில் வெள்ளைச் சட்டைகள் குவியும், 25,000 வரை வரும். மற்ற மாதங்களில் 15,000 கண்டால் பெரிய காரியம். வீடு எனக்குச் சீதனமாக வந்தது, அதனால் வாடகை மட்டும் இல்லை.

இப்போது மாதம் 20,000 தருகிறாராம். அதற்கு, "நாங்கள் இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழ்கிறோம்" என்று எழுதிய கடதாசியில் சமாதான நீதவானுக்கு முன்னால் நான் கையெழுத்து வைக்க வேண்டும். விவாகரத்துப் பேச்சே இல்லை. "பிள்ளை, கோடு கச்சேரி ஏறாமல் காசு வருகுது, பிறகென்ன?" என்கிறார் மாமி. அம்மாவும் வை என்கிறார். எனக்குத்தான் அந்த 'மனமொத்து' தொண்டைக்குள் நிற்கிறது. நான் எப்போது மனமொத்தேன்?

விவாகரத்து எடுக்காமல் தாபரிப்பு, அதாவது பராமரிப்புக் காசு, கேட்க முடியாது என்று பக்கத்து வீட்டு வாத்தியார் சொல்கிறார். உண்மையா?

கச்சேரியடி:

தங்கச்சி, கையெழுத்து வைக்காதீர்கள். மற்றதைப் பிறகு கதைக்கலாம்.

நான் 22 வருடம் ஒரு சட்டத்தரணியிடம் எழுதுவினைஞராக இருந்தவன். இதே வசனத்தோடு வந்த கடதாசிகள் பலதைப் பார்த்திருக்கிறேன். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தில் 2ஆம் பிரிவை யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். வசதியுள்ள கணவன், தன்னைத் தானே பராமரிக்க முடியாத மனைவியைக் கவனிக்காமல் விட்டால் நீதிமன்றம் மாதக் கொடுப்பனவு கட்டளையிடலாம். (மனைவிக்கு வசதி இருந்து கணவனுக்கு இல்லாவிட்டால் அவரும் கேட்கலாம். அப்படி வந்தவர்கள் மிகக் குறைவு.) ஆனால் அதே பிரிவில், இருவரும் பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழ்ந்தால் அந்தக் கட்டளை கிடையாது என்றும் இருக்கிறது. உங்கள் தொண்டைக்குள் நிற்கிற சொல் அதுதான். இன்றைக்கு வைத்துவிட்டு, 6 மாதத்தில் அந்த 20,000 நின்றால், வழக்கில் அவருடைய முதல் ஆவணம் உங்கள் கையெழுத்தாக இருக்கும்.

மகளுடைய தாபரிப்பு வேறு. அதை உங்கள் கையெழுத்தால் இல்லாமல் ஆக்க முடியாது.

வாத்தியார் சொன்னது பிழை. விவாகரத்து மாவட்ட நீதிமன்றத்து அலுவல். தாபரிப்பு மனு நீதவான் நீதிமன்றத்தில், கலியாணம் இருக்கும்போதே போடலாம். நீங்கள் இருக்கும் இடத்துக்குரிய நீதிமன்றத்திலேயே போடலாம், வவுனியாவுக்கு அலைய வேண்டாம். பொதுவாக மனுப் போட்ட நாளிலிருந்துதான் காசு கணக்கு, ஆகவே பார்த்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மாதமும் உங்களுக்கு நட்டம்.

நாச்சிமார் கோயிலடி:

கோட்டுக்குப் போன குடும்பம் திரும்ப ஒட்டாது. பெரியவர்களை வைத்துக் கதையுங்கள் பிள்ளை.

மானிப்பாய்த் தையல்காரி:

ஐயா, பெரியவர்கள்தான் அந்தக் கடதாசியை எழுதியவர்கள்.

கச்சேரியடி அண்ணா, நான் தைத்து உழைக்கிறேனே, 'பராமரிக்க முடியாதவள்' என்று எடுப்பார்களா? அதைத்தான் தமையனார் சொல்லிக் காட்டுகிறார்.

பருத்தித்துறை அக்கா:

என்னிடமும் இதையே கேட்டார்கள். நான் அப்போது ஒரு பாலர் பாடசாலையில் படிப்பித்தேன். உழைக்கிறாயா என்று கேட்டுவிட்டு நீதவான் மனுவைத் தள்ளிவிடவில்லை. அந்த உழைப்பில் சீவிக்க ஏலுமா என்றுதான் பார்த்தார். என் வருமானத்தைக் கழித்துத்தான் தொகை போட்டார், அது நியாயம்தானே. ஆகவே தையல் கணக்கை மறைக்காதீர்கள். கொப்பியில் மாதம் மாதம் எழுதி வையுங்கள், குறைந்த மாதங்களையும் சேர்த்து. மின்சார பில், ரியூசன் காசு, மருந்துத் துண்டு எல்லாவற்றையும் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு வையுங்கள். நான் அப்படித்தான் கொண்டுபோனேன், சட்டத்தரணி சிரித்தார்.

என்னுடையவர் வழக்கின் முதல் தவணைக்கு வரவேயில்லை. பிறகு வந்து, சம்பளத்தில் பாதி கடனுக்குப் போகிறது என்றார். சம்பளச் சீட்டைப் பார்த்தால், அந்தக் கடன் என்னை விட்டுப் போன பிறகு எடுத்தது! அரசாங்க வேலைக்காரருக்கு நழுவ இடம் குறைவு. கட்டளை வந்த பிறகும் கட்டாவிட்டால் சம்பளத்திலேயே பிடிக்கலாம். மாதக் கணக்கில் நிலுவை வைத்தால், ஒரு மாத நிலுவைக்கு ஒரு மாதம் வரை உள்ளே போடவும் சட்டம் இருக்கிறது.

நான் விட்ட பிழை வேறு. பிறகு அவர் விவாகரத்துக்குப் போட்டபோது, அலுத்துப்போய் ஒன்றும் கேட்காமல் விட்டுவிட்டேன். நிரந்தரத் தாபரிப்பை அந்த வழக்கிலேயே கேட்டிருக்க வேண்டும். மொத்தமாகவும் கேட்கலாம், மாதாமாதமும் கேட்கலாம். இப்போது மகனுக்கு மட்டும் வருகிறது.

சட்டத்தரணிக்குக் காசு இல்லையென்றால் யாழ்ப்பாணத்தில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகச் செய்வார்கள்.

மானிப்பாய்த் தையல்காரி:

ஞாயிறு வந்தார்கள். தேத்தண்ணி கொடுத்தேன். 'மனமொத்து' என்பதை வெட்டிவிட்டு 'நான் விட்டுப் போனேன்' என்று அவர் தன் கையால் எழுதித் தரட்டும், கையெழுத்து வைக்கிறேன் என்றேன். தமையனார் கடதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மாமி அதற்குப் பிறகு அழைக்கவில்லை.

அம்மா இன்னும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நாளைக்கு ஆணைக்குழுவுக்குப் போகிறேன். கலியாணப் பதிவும் மகளின் பிறப்புச் சான்றிதழும் எடுத்துவிட்டேன். வங்கிப் புத்தகத்தில் அவர் காசு போட்ட பக்கங்களை மட்டும் பிரதி எடுத்தால் போதுமா, முழுவதும் வேண்டுமா?

கச்சேரியடி:

முழுவதும். அவர் போடாத மாதங்களும் தெரிய வேண்டும்.