துளை போடாமல் பிஷ் பைண்டர் சென்சர் பூட்டியவர்கள் சொல்லுங்கள்

வல்வெட்டித்துறையிலிருந்து:

என்னுடையது 18 அடி பைபர் படகு. தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் பிஷ் பைண்டரின் சென்சரோடு வந்த ஸ்குரூக்கள் இன்னும் பெட்டிக்குள்தான் கிடக்கின்றன. பைபர் படகுகளின் பின்பலகைக்குள்ளே பெரும்பாலும் பிளைவுட் இருக்கும். ஸ்குரூ ஓட்டையால் உப்புத் தண்ணீர் கசிந்தால் போதும், வெளியே பளபளவென்று இருக்க உள்ளே பலகை இற்றுப்போகும். எஞ்சின் தொங்குவதே அந்தப் பலகையில்தானே!

அதனால் படகுக்குள்ளேயே, அடித்தட்டில் ஒட்டினேன். திடமான பைபரை ஊடுருவி ஒலி கீழே போய்த் திரும்பி வரும். கொஞ்சம் பலம் குறையும், கரையோர ஆழத்துக்கு அது பொருட்டில்லை. காற்றுத்தான் எதிரி. இரண்டு பைபர் தட்டுக்கு நடுவில் ரெஜிபோமோ (தெர்மோகோல்) பலகையோ இருந்தால் ஒலி அதைத் தாண்டாது.

இடம் சரியா என்று ஒட்டுமுன்பே பார்க்கலாம். சொப்பிங் பையில் தண்ணீர் விட்டு, அதற்குள் சென்சரை வைத்து, நனைத்த அடித்தட்டில் பையை அமர்த்துங்கள். திரை காட்டும் ஆழத்தை ஈயக்குண்டு கட்டிய கயிற்றோடு ஒப்பிடுங்கள். எஞ்சினை முறுக்கி ஓடும்போதும் பாருங்கள். அணியப் பக்கம் (முன்பக்கம்) ஓட்டத்தில் தண்ணீரை விட்டு எழும்பிவிடும்; பின்பக்கம், நடுவுக்குக் கிட்டத்தான் நல்லது.

பெயின்டைச் சுரண்டி, சாண்ட் பேப்பர் போட்டு, மெதுவாக இறுகும் எபொக்சியால் ஒட்டினேன். சிலிக்கன் வேண்டாம். எங்கள் வெயிலில் எபொக்சி சூடேறிச் சட்டென்று இறுகும், பின்னேரம் செய்யுங்கள். சென்சரைத் திருகித் திருகி அமுக்கினால் காற்றுக்குமிழி ஓரத்தால் வெளியேறும்.

வெப்பநிலையை மட்டும் நம்பாதீர்கள், அது கடலின் சூடு இல்லை, படகின் சூடு. பக்கவாட்டில் படம் காட்டும் வகை சென்சரை உள்ளே ஒட்டிப் பயனில்லை.

குருநகரிலிருந்து:

அண்ணை, பைபர்காரருக்கு அது சரி. எனக்கு மரவள்ளம், மரத்தின் ஊடாக ஒலி ஒழுங்காகப் போகாது. அலுமினியக் குழாயின் நுனியில் சென்சரைப் பூட்டி, ஜீ கிளாம்பால் பின்பலகையில் இறுக்கியிருக்கிறேன். வள்ளத்தின் அடியை விடக் கொஞ்சம் கீழே நிற்க வேண்டும். புரொப்பெல்லருக்கு ஒன்றேகால் அடியாவது தள்ளி, வலப்பக்கம் வைத்தேன். முன்னே போகும்போது வலஞ்சுழியாகச் சுற்றும் எஞ்சினுக்கு அந்தப் பக்கம் நுரை குறைவு.

களப்பில் இதற்கொரு வசதி உண்டு. சாதாளை (கடற்செடி) சுற்றினாலும், தரை தட்டும் போலிருந்தாலும் கிளாம்பைத் தளர்த்திக் குழாயை மேலே தூக்கிவிடலாம். திரும்பி வந்ததும் கழற்றி வீட்டுக்கே கொண்டுபோகிறேன். (கரையில் விட்டுவிட்டுப் போய் நித்திரை கொள்ள எனக்கு மனம் வராது.) வேகமாக ஓடினால் குழாய் அதிரும், திரையில் கோடு கோடாக வரும். வலைக்குப் போகும் வேகத்துக்கு ஒரு குறையும் இல்லை. சென்சர் வயரை எஞ்சின் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள், அதுவும் கோடு போடும்.

காரைநகரிலிருந்து:

நான் பின்பலகைக்கு வெளியே ஒரு துண்டுப் பலகையை மரைன் சீலன்டால் ஒட்டி, ஸ்குரூவை அந்தத் துண்டில் மட்டும் அடித்தேன். சென்சர் மாறினாலும் படகில் கை வைக்கத் தேவையில்லை. கறிவெட்டும் பிளாஸ்டிக் பலகையைப் பாவிக்கலாமென்று சிலர் சொல்கிறார்கள். அந்த பிளாஸ்டிக்கில் எந்தப் பசையும் ஒழுங்காகப் பிடிக்காது, விட்டுவிடுங்கள். சீலன்ட் முழுதாக இறுகும்வரை படகை இறக்கவும் கூடாது.

வல்வெட்டித்துறை அண்ணை, உள்ளே ஒட்டியதைப் பிறகு கழற்ற ஏலுமா?

வல்வெட்டித்துறையிலிருந்து:

எபொக்சியில் ஒட்டியதை உடையாமல் எடுப்பது கஷ்டம், தம்பி. கழற்ற வேண்டுமென்றால் சென்சரை ஒட்டாதீர்கள். சென்சர் உள்ளே போகுமளவு பிவிசி குழாய்த் துண்டு ஒன்றை அடித்தட்டில் ஒட்டி, அதற்குள் சென்சரை இறக்குங்கள். குழாயின் அடியைப் படகின் சரிவுக்கு ஏற்ப வெட்டினால் சென்சர் நேரே கீழே பார்க்கும். அதன் முகம் மூழ்கத் தண்ணீர் விட்டாலே வேலை செய்யும், ஆனால் வற்றிப்போகும். பேபி ஒயில் விட்டால் அந்தக் கரைச்சல் இல்லை.