கூரை தூக்கும் கரவன்: பார்த்தவர்கள், படுத்தவர்கள் சொல்லுங்கள்

கல்லடியிலிருந்து:

தங்கச்சி வீட்டுக்கு மெல்பேர்ன் போயிருந்தபோது மச்சான் ஒரு பொப் டொப் கரவன் தேடிக்கொண்டிருந்தார். காரின் பின்னால் கொளுவி இழுக்கிற சின்ன வீடு அது. ஓடும்போது கூரை தாழ்ந்திருக்கும். நிறுத்தித் தூக்கினால் சுற்றிவரக் கன்வஸ் சுவர் விரியும், ஆள் நிமிர்ந்து நிற்கலாம். முழு உயரக் கரவனை விட்டு இதைத் தேடியதற்குக் காரணம், காற்று மோதுகிற முகப்புக் குறைவு, அதனால் எண்ணெய்ச் செலவும் குறைவு. அதோடு வீட்டுக் கார் கொட்டகைக்குள் நுழைய வேண்டும். அளவு நாடாவோடுதான் மனிசன் அலைந்தார்.

மூன்று வண்டி பார்த்தோம். முதலாவதில் ஏறியதுமே மூக்கில் அடித்தது, ஈரத்தோடு சுருட்டி வைத்த பாய் மணம். கன்வஸ் மடிப்பெல்லாம் கறுப்புப் புள்ளி, பூஞ்சணம். கழுவினால் போகும் என்றார் விற்க வந்தவர். மழையில் நனைந்ததை மூடிக்கொண்டு வந்து, திறந்து உலர விடாமல் கிடப்பில் போட்டவர் வேறு எதைக் கவனித்திருப்பார்? இறங்கிவிட்டோம்.

இரண்டாவது நல்ல வடிவு. தங்கச்சி அடுப்பைப் பார்த்தே மயங்கிவிட்டாள். மச்சான் கூரையை ஒரு கையால் தூக்கிக் காட்டினார். நான் சும்மா இராமல், "நீ தூக்கிப் பார் பிள்ளை" என்றேன். கைபிடி எட்டவில்லை. கட்டிலில் ஏறி நின்று தள்ளினாள், பாதியில் நின்றுவிட்டது. கூரையைத் தாங்குகிற காஸ் தண்டுகள் தளர்ந்திருந்தன. தண்டை மாற்றலாம், சரி. ஆனால் கூரைமேல் பிற்பாடு பூட்டிய ஏசியும் சோலார் பலகையும் இருந்தனவே, அந்தப் பாரத்தையும் சேர்த்தல்லவா தங்குமிடந்தோறும் தூக்க வேண்டும்! என்னைக் கேட்டால், கட்டில் அடுப்பெல்லாம் மறுகா பார்க்கலாம். வீட்டில் பெலன் குறைந்தவர் கைக்குக் கூரை ஏறி இறங்குகிறதா என்பதுதான் முதல் சோதனை.

மூன்றாவதை வாங்கினார். வெறும் வண்டியின் எடைக்கும் தகட்டில் அடித்திருந்த உச்ச எடைக்கும் இடையில் 300 கிலோ. தாராளம் என்று நினைத்தோம். 80 லீற்றர் தண்ணீர்த் தொட்டி இரண்டு, அதுவே 160 கிலோ. 9 கிலோ காஸ் சிலிண்டர் இரண்டு, இரும்பும் சேர்த்து 35 கிலோவுக்குக் குறையாது. மிச்சம் நூறு சொச்சத்துக்குள் நாலு பேரின் உடுப்பு, கதிரை, அரிசி, சட்டி பானை. அடுக்குவதிலும் சூட்சுமம் உண்டு. உழவு மெசின் பெட்டியில் நெல் மூட்டையைப் பின்பக்கம் குவித்தால் முன்கொளுக்கி மேலே எழும்புமே, அதே கதைதான். ஏற்றிய எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொளுக்கியில் இருக்க வேண்டும் என்பது அங்கே பொதுவான கணக்கு. குறைந்தால் வேகத்தில் வண்டி வாலாட்டத் தொடங்கும்.

அப்பலோ பே என்ற கடற்கரை ஊரில் முதல் இரவே மழை. தறப்பாள் கொட்டிலுக்குள் படுத்த மாதிரிச் சத்தம். குளிரும் அந்தக் கன்வஸ் வழியாகத்தான் வந்தது. விடிய ஈரத்தோடு மூடிக்கொண்டு புறப்பட்டோம். வீடு வந்ததும் மச்சான் தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை, கூரையைத் திறந்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

நம்ம பக்கம் யாராவது இப்படி ஒன்றில் படுத்திருக்கிறீர்களா?

பொத்துவிலிலிருந்து:

படுக்கவில்லை அண்ணா, பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அறுகம்பேயில் நான் வேலை செய்த விடுதி வளவில் ஒரு வெள்ளைக்காரச் சோடி கூரை தூக்கும் வானோடு ஒரு கிழமை நின்றார்கள். ஆடி மாதம், சரியான கச்சான் காற்று. முதல் நாள் கடல் தெரிய வேணும் என்று நிறுத்தி, இரவு முழுக்கக் கன்வஸ் படபடவென்று அடித்து, இரண்டு பேரும் தூங்கவில்லை. அடுத்த நாள் வானைத் திருப்பி, கூரையின் பிணைச்சல் பக்கத்தைக் காற்றுக்குக் கொடுத்தார்கள். மறுகா சத்தமில்லை. பகலில் உள்ளே அவியும். இரவில் நுளம்பு வலை யன்னலால் காற்று வரும், அதுதான் அந்த வண்டியின் சுகம்.

அவர்களுக்கு ஆனை வருகிற லகுகலைக் குளக்கட்டில் ஓர் இரவு தங்க ஆசை. கடைக்கார வாப்பா விடவில்லை. வானுக்குள் ஒரு சீப்பு வாழைப்பழம் தொங்கியது. ஆனைக்குக் கன்வஸ் என்ன, தகரம் என்ன! கடைசியில் பாணமை தாண்டி உகந்தைக்குப் போனார்கள். கோயிலுக்கு வந்த சனம் கூரை ஏறி இறங்குவதைச் சுற்றி நின்று பார்த்ததாம். சின்னப் பிள்ளைகளுக்காக நாலைந்து தரம் தூக்கிக் காட்டியதாகத் திரும்பி வந்து சொன்னார்கள்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:

என் மடத்தனத்தையும் எழுதி வைக்கிறேன். பழைய ஹையேஸ் வானின் கூரையை வெட்டித் தூக்குகூரை வைக்கலாம் என்று ஒரு கராஜில் சொன்னதை நம்பினேன். தகரத்தோடு குறுக்குச் சட்டங்களையும் வெட்டிவிட்டார்கள். ஓட்டையைச் சுற்றி இரும்புச் சட்டம் கட்ட வேண்டும் என்று எனக்கும் அப்போது தெரியாது. பள்ளத்தில் விழுந்தால் கதவு இறுகும். கார்த்திகை மழைக்கு ஓரமெல்லாம் ஒழுகி மெத்தை ஊறிப்போனது. வெட்டுவதற்கு முன்னமே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டிருக்கவும் வேண்டும், அதையும் செய்யவில்லை.

இப்போது கூரையை இறக்கி, நாலு போல்ட் போட்டு இறுக்கி, சிலிக்கன் பூசி வைத்திருக்கிறேன். மகன் மட்டும் மேலே படுக்க வேணும் என்று கரைச்சல் கொடுக்கிறான். கல்லடி அண்ணா, அந்தக் காஸ் தண்டு எத்தனை கிலோ தாங்கும் என்று தண்டிலேயே அடித்திருக்குமா? மச்சானிடம் ஒருக்கால் கேட்டுச் சொல்லுங்கள்.