மொரிஸ் மைனர்: புதுப் பம்ப் பூட்டியும் பெற்றோல் ஏறவில்லை, அவசரம்

கோண்டாவில்_மைனர்:
யாராவது உதவுங்கள். என் மொரிஸ் மைனர் காருக்குப் பெற்றோல் ஏறவில்லை. பழைய பம்ப் விடாமல் டக் டக் என்று அடித்தது, காபரேற்றருக்கு ஒன்றும் வரவில்லை. புது எலெக்ட்ரிக் பம்ப் ஒன்று வாங்கிப் பூட்டினேன். அதில் சத்தமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியின் கலியாணம், மாப்பிள்ளையை இதில்தான் கூட்டிவர வேண்டும். புதுப் பம்பை எப்படி ப்ரைம் பண்ணுவது, அதாவது முதலில் பெற்றோல் நிரப்பி இழுக்க வைப்பது?

வல்வை_கராஜ்:
தம்பி, எந்த வருடக் கார்? பம்பை முன்னுக்குப் பூட்டினீர்களா, பின்னுக்கா? பற்றரியின் எந்த முனை பொடிக்குப் போகிறது? புதுப் பம்பின் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது?

தாவடி88:
ராங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறதா பாருங்கள். என் ஒஸ்ரின் ஏ40 கார் இதனால் இரண்டு தடவை நடுவீதியில் நின்றது. மூடியைத் திறந்ததும் உஸ் என்று இழுத்தால் அதுதான் வியாதி.

பழைய_எஸ்யூ:
மூடியைச் சுற்றி ஓட வேண்டாம். கேட்டவர் தன் காரை இன்னும் படிக்கவில்லை. மைனர் பொசிற்றிவ் ஏர்த், அதாவது பற்றரியின் பொசிற்றிவ் முனை பொடிக்குப் போவது, என்பது வாங்கிய முதல் நாளே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். மைனரோடு வரும், பொயின்ற் (திறந்து மூடும் தொடுமுனை) வைத்த பழைய எஸ்யூ பம்ப் முனை மாறினாலும் ஓடும். எலெக்ட்ரோனிக் பம்பில் சிவப்பு வயரை சுவிச்சுக்கும் கறுப்பைப் பொடிக்கும் கொடுத்தால் ஓடாது, எரிந்தும் போகலாம். இதை இங்கே எத்தனை தடவை எழுதுவது?

கோண்டாவில்_மைனர்:
1961, 948 சிசி எஞ்சின். ஓம், பொசிற்றிவ்தான் பொடிக்கு. சொல்ல மறந்துவிட்டேன். சிவப்பை சுவிச்சுக்குத்தான் கொடுத்தேன். பழைய பம்ப் இருந்த இடத்திலேயே பூட்டினேன். பெட்டியில் இன்ஜெக்‌ஷன் என்று போட்டிருக்கிறது.

வல்வை_கராஜ்:
அதைக் கழட்டித் திருப்பிக் கொடுங்கள். உங்கள் எஸ்யூ தள்ளும் அழுத்தம் 2 பிஎஸ்ஐக்கும் குறைவு. இன்ஜெக்‌ஷன் பம்ப் காபரேற்றர் இல்லாத புதுக் கார்களுக்கானது, 40க்கு மேல் தள்ளும். காபரேற்றரில் பெற்றோலை அடைக்கும் ஊசி அதைத் தாங்காது, பெற்றோல் வழிந்து சூடான எக்ஸோஸ்டில் விழும். கலியாண வீட்டு வாசலில் தீ பிடிக்க வேண்டாம். அதோடு, இந்த மாதிரிப் பம்புகளுக்குத் தள்ளத்தான் தெரியும், இழுக்க வராது. வாங்குவதென்றால் 3 பிஎஸ்ஐக்கு மேல் போகாத, காபரேற்றருக்கென்றே செய்த பம்பாக வாங்கி, பின்னுக்கு ராங்குக்குக் கிட்டப் பூட்ட வேண்டும்.

ஆனால் எனக்கு உங்கள் பழைய பம்பில் சந்தேகமே இல்லை. விடாமல் அடிக்கிறது என்றால் அது காற்றை இழுக்கிறது. நல்ல எஸ்யூ, திறப்பைப் போட்டதும் கொஞ்சம் அடித்து, காபரேற்றர் கிண்ணம் நிறைந்ததும் நின்றுவிடும். அதற்குத் தனியாக ப்ரைம் பண்ணவும் தேவையில்லை, தானாகவே இழுக்கும்.

பழையதைத் திரும்பப் பூட்டுங்கள். முதலில் அதன் அடிப்பக்க நட்டைக் கழட்டி, உள்ளேயுள்ள சல்லடையை வடிவாகக் கழுவுங்கள். அப்புறம் காபரேற்றருக்குப் போகும் குழாயைக் கழட்டி, கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் விட்டு, குழாய் நுனி அதற்குள் மூழ்கும்படி பிடியுங்கள். பற்றரி பக்கத்திலேயே இருக்கிறது, பொறி பறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். திறப்பைப் போட்டால் முதலில் குமிழி வரும், சில விநாடியில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ராங்குக்கும் பம்புக்கும் இடையில் எங்கோ ஓட்டை. உறிஞ்சும் பக்கம் என்பதால் வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது, கண்ணுக்குத் தெரியாது. எஞ்சின் ஓடாமல் திறப்பை அதிக நேரம் விடாதீர்கள், கொயில் சூடாகும்.

ஸ்காபரோ_அண்ணை:
1990களில் பெற்றோல் இல்லாத காலத்தில் இதே மைனரை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. அந்தப் பம்ப் ஒரு நாளும் நிற்கவில்லை.

பழைய_எஸ்யூ:
பம்ப் நிற்கவில்லை, எஞ்சின்தான் போனது. எரியாத மண்ணெண்ணெய் ஒயிலில் இறங்கி, பெயாரிங் தேய்ந்த எத்தனை எஞ்சினை நான் பிரித்திருக்கிறேன்.

ஸ்காபரோ_அண்ணை:
அந்த நேரம் ஆஸ்பத்திரிக்கு ஆளை ஏற்றியது அந்த மைனர்தான். பெயாரிங்கைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, தம்பி.

வல்வை_கராஜ்:
இரண்டு பேரும் சொல்வது சரி. ஆனால் கேட்டவருக்கு ஞாயிறு கலியாணம். தம்பி, குமிழி நின்றதா?

கோண்டாவில்_மைனர்:
நிற்கவில்லை. காருக்கு அடியில் படுத்துத் தேடினேன். பின் சில்லுக்குக் கிட்ட, கறல் பிடித்த குழாயை யாரோ வெட்டி இறப்பர் ரியூப் துண்டு ஒன்று போட்டிருந்தார்கள். பார்க்க நல்லாக இருந்தது. விரலால் மடக்கினேன், கிளிப்புக்குக் கீழே மயிரளவு வெடிப்பு. புது ரியூப் போட்டேன். பழைய பம்ப் ஒரு இருபது தடவை அடித்து நின்றது, கார் உடனே ஸ்டார்ட். எல்லோருக்கும் நன்றி, பந்தல்காரர் வந்துவிட்டார்.

வல்வை_கராஜ்:
நல்லது. நாளைக்கு ஒரு தடவை அந்தக் கிளிப்பை இறுக்கிப் பாருங்கள், புது இறப்பர் கொஞ்சம் இளகும்.

தாவடி88:
மூடித் துளையையும் ஒருக்கால் பார்த்துவிடுங்கள்.